போகாத போரில் போன கால்

வெர்லின் ஷாஃபருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அது போனது கல்குவாரியில். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய சமயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தவள்.

என் பெயர் டெல்லா யோஸ்ட். பென்சில்வேனியாவில் ஹார்லன்ஸ் மில் என்கிற ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அது வாரநாட்களில். சனி, ஞாயிறு வந்தால் கம்பளிப் பாவாடையும் கறை படிந்த வெள்ளை மேலாடையும் கட்டிக்கொண்டு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து மருத்துவக் கூடாரத்தில் தாதியாக நின்றுவிடுவேன். எங்கள் ஊரிலும் சுற்றுப்பக்கத்திலும் இருபத்துமூன்று பேர் சேர்ந்து வடக்குப் படையின் கம்பெனி ஒன்றாக வேஷம் கட்டினோம். குழாய் ரிப்பேர் செய்கிறவர், பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர், பல் டாக்டர், கறிக்கடைக்காரர் எல்லாரும் உண்டு. ஜூலை வெயிலில் கம்பளிச் சட்டையோடு மேட்டில் ஏறுவோம். குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தை வெடிப்போம். செத்து விழுவோம். கூட்டம் கைதட்டி முடித்ததும் புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய் காப்பி கொதிக்கவைப்போம். பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனம். எங்களில் பாதிப் பேருக்கு அதைவிட்டால் வேறு சொந்தபந்தம் கிடையாது.

வெர்லினுக்கு முழுக்கவே கிடையாது.

2003 மார்ச் மாதம், அவனுக்கு முப்பத்துநாலு வயது. குவாரியில் உடைத்த கல்லைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடந்ததை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தான். பெல்ட் திரும்புகிற உருளைக்கு முன்னால் ஒரு கம்பிவலை இருக்க வேண்டும். ரிப்பேருக்கென்று கழற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொன்னான். "ஆர்டர் நிக்குது, ஓட்டு" என்றார் மேஸ்திரி. வெர்லின் ஓட்டினான். பெல்ட் அவன் கால்சட்டையைப் பிடித்தது. அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று குவாரிக்காரர்கள் எழுதிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடை வந்தது, அதில் அவன் பெயரே தப்பு. இரண்டாம் வருடம் மனைவி போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வருடமும் அவன் வீட்டில் ஒரு கதவு உருப்படியாக இருந்ததில்லை, எல்லாவற்றையும் குத்தி வைத்திருந்தான்.

அப்படி இருந்தவனிடம் ஓரின் டெட்வைலர் போனார். எங்கள் கம்பெனியின் சார்ஜெண்ட், குழாய் ரிப்பேர்க்காரர், வெர்லினுக்குப் பத்து வயது மூத்தவர். சமையலறைக் குழாயைச் சரிபார்க்கப் போனவர் வேலையை முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடியே கேட்டாராம்.

"தம்பி, உன்கிட்ட இல்லாத ஒண்ணு எங்களுக்கு வேணும்."

"என்னது?"

"இடது காலு."

வெர்லின் கையிலிருந்த கோப்பையை எறியப் போனான். ஓரின் அசையவில்லை. "எறிஞ்சிட்டு வா. சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வண்டி கிளம்புது" என்றார்.

அந்தச் சனிக்கிழமையை நான் பார்த்திருக்கிறேன். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, பன்றிக்கால் எலும்பை வைத்துக் கட்டிய ஒரு பொய்க்காலைக் கால்சட்டைக்குள் மாட்டிவிட்டோம். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு களத்துக்கு வந்தான். பீரங்கி அதிர்ந்ததும் விழுந்தான். கூடாரத்துக்குத் தூக்கி வந்து மேசையில் போட்டோம். பல் டாக்டர்தான் எங்கள் அறுவை மருத்துவர். அவர் ரம்பத்தை எடுத்து எலும்பை அறுத்தார், நான் பக்கத்தில் நின்று பீட்ரூட் சாற்றை ஊற்றினேன், வெர்லின் அலறினான். ரம்பம் நின்ற பிறகும் அந்த அலறல் நிற்கவில்லை. கூட்டத்தில் முன்வரிசையில் தடியான ஓர் ஆள் அப்படியே சரிந்து விழுந்தார். மேசையில் கிடந்த வெர்லின் தலையைத் தூக்கி, "யாராவது அந்தாளுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றான். நாடகம் கெட்டது. ஆனால் அன்று சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தோமே, அவன் சிரித்ததை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

பதின்மூன்று வருடம் அப்படிப் போனது. ஜூலை நாலாம் தேதி முகாம். நவம்பரில் ஊர்வலம். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. அதற்கும் எல்லாரும் யூனிஃபார்மில்தான் வருவோம். பன்றித்தொடை, பாலில் வெந்த உருளைக்கிழங்கு, பீட்ரூட்டில் ஊறிச் சிவந்த முட்டை. ஒவ்வொரு வருடமும் வெர்லினுக்கு ஒரு பொட்டலம் வரும், அதில் இடது காலுக்கு ஒற்றை சாக்ஸ் இருக்கும். அவன் அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஓரினோடு கைகுலுக்குவான். வெளியாள் யாராவது அப்படி ஒரு கேலி செய்திருந்தால் அவன் பல்லை உடைத்திருப்பான். எங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தான். பிறகு நாங்கள் செய்த காரியத்தை நினைத்தால், அந்த உரிமைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

பழைய கேப்டன் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனதும் பிரெண்ட் ஹாலோவெல்லைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தோம். வீடு, மனை விற்றுக் கொடுக்கிற தொழில். நல்ல உயரம், நல்ல குரல், குதிரை ஏறத் தெரியும். அவர் வந்தபிறகு பெரிய பெரிய விழாக்களிலிருந்து அழைப்பு வந்தது. சொந்தப் பீரங்கி வந்தது. எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அந்தக் கோடையில்தான் முன்பின் தெரியாதவர்கள் வந்து வெர்லின் கையைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் எதிரே நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார். "நாட்டுக்கு நீங்க செஞ்சதுக்கு நன்றி தம்பி" என்றார்.

"ஐயா, நான் பட்டாளத்துல இல்ல. குவாரியில போச்சு" என்றான் வெர்லின்.

பெரியவர் அவன் தோளைத் தட்டி, "பேச வேணாம்னா பேச வேணாம், எனக்குப் புரியுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வெர்லின் என் பக்கம் திரும்பி, "என்ன டெல்லாக்கா, அவருக்கு மூளை குழம்பிருச்சா?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபரில் பிரெண்ட் என் கடைக்கு வந்து ஒரு கட்டு நோட்டீஸை வைத்தார். மேலே வெர்லின் படம். கீழே கொட்டை எழுத்தில், "ஈராக்கில் காலைக் கொடுத்தவர். அன்றைய வீரர்களுக்காக இன்றும் களத்தில்."

நான் இரண்டு தடவை படித்தேன். கோடையில் அந்தப் பெரியவர் எதற்கு சல்யூட் அடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. "வெர்லின்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"விளம்பரம்னா கொஞ்சம் மசாலா இருக்கத்தான் செய்யும் டெல்லா. அவனுக்கு மரியாதைதானே கிடைக்குது? யாருக்கு நஷ்டம்? கண்ணாடியில ஒட்டிரு."

ஒட்டினேன். என் கையால்தான் ஒட்டினேன். வெர்லினுக்கு மாத்திரையெல்லாம் தபாலில் வரும், கடைப்பக்கம் வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். ஒட்டும்போதே அது என் மனதில் ஓடியது. பயந்தேன் என்று சொன்னால் பொய். புதுப் பீரங்கியும் பெரிய விழாவும் எனக்கும் பிடித்திருந்தன, அவ்வளவுதான்.

அந்த வருட விருந்துக்கு என்றுமில்லாத கூட்டம். பிரெண்ட் வெளியாட்களையும் கூப்பிட்டிருந்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு. இனிப்பு வருவதற்கு முன்னால் அவர் எழுந்து கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினார்.

"இன்னைக்கு நம்ம வெர்லினுக்கு ஒரு பரிசு இருக்கு. அவனுக்கே தெரியாது. வெர்லின், முன்னால வா."

வெர்லின் சிரித்துக்கொண்டே போனான். ஏதோ பெரிய கேலி காத்திருக்கிறது என்று நினைத்திருப்பான். ஓரத்து மேசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும், குள்ளம், கெட்டியான கண்ணாடி. பக்கத்து மாவட்டத்து நோரீன் கெஸ்லர் என்று பிரெண்ட் சொன்னார். அவர் மகன் டெரெக் ஈராக்கில் 2005-இல் செத்தவன். அந்த அம்மாள் கையில் மடித்த ஒட்டுத்துணிப் போர்வை. அதை விரித்து வெர்லின் தோளைச் சுற்றிப் போர்த்த எட்டினார். எட்டவில்லை. வெர்லின் குனிந்து கொடுத்தான்.

"அவன் சட்டையெல்லாம் வெட்டித் தச்சதுப்பா. இத்தனை வருஷம் வெட்ட மனசு வரல. உன் படத்தைப் பாத்தப்புறந்தான் கத்தரிக்கோலையே எடுத்தேன். அவன் திரும்பி வரல. நீ வந்தியே" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நாற்காலிகள் தரையைத் தேய்த்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் நின்றேன்.

வெர்லினின் சிரிப்பு அப்படியே உறைந்துபோய் முகத்தில் கிடந்தது. "எங்கேருந்தும்மா வந்தேன்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஈராக்லேருந்து."

அவன் பிரெண்டைப் பார்த்தான். பிரெண்ட் கைதட்டிக்கொண்டே லேசாகத் தலையை அசைத்தார். வாங்கிக்கோ, வாங்கிக்கோ என்கிற மாதிரி. வாங்கியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நன்றி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தால் அன்று விருந்து கெடாமல் முடிந்திருக்கும்.

வெர்லின் போர்வையைத் தோளிலிருந்து எடுத்தான். நுனியோடு நுனி சேர்த்து, அவசரப்படாமல் மடித்தான். இரண்டு கையாலும் அந்த அம்மாளிடம் நீட்டினான்.

"அம்மா, நான் ஈராக் போனதில்ல. பட்டாளத்துலயே இருந்ததில்ல. என் கால் குவாரியில பெல்ட்டுல மாட்டிப் போச்சு. இது எனக்குச் சேராது."

பிரெண்ட் சிரித்தார். "இவன் எப்பவும் இப்படித்தான், தன்னைப் பத்திப் பேசவே விடமாட்டான்."

"பேசிட்டுத்தானே இருக்கேன். கேளுங்க எல்லாரும்" என்றான் வெர்லின். சத்தம் போடவில்லை. அந்தக் குரலுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. "மூணு வாரம் வலை இல்லாம ஓட்டினாங்க. நான் ரெண்டு தடவை சொன்னேன். பெல்ட்டை நிறுத்துறதுக்குள்ள கால் உருளைக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு எந்தக் கூடத்துலயும் யாரும் எந்திரிச்சு நிக்கல. கல்லு உடைக்கிற இடத்துல கால் போனா அவன் முட்டாள். அதே கால் சண்டையில போனா சாமி. இல்லையா?"

நோரீன் அம்மாள் போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்து, அப்புறம் சிவந்தது. "அப்ப என் பையன் சட்டையை நான் எதுக்கு வெட்டினேன்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "யார் சொன்னது எனக்கு? இவர் ஈராக்னு யார் சொன்னது?"

"நோட்டீஸ் அடிச்சவங்க பண்ணின குளறுபடி" என்றார் பிரெண்ட்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அச்சடிச்சவங்க இல்ல. நீங்கதான் கொண்டுவந்து குடுத்தீங்க. நான் கேட்டேன், மசாலான்னு சொன்னீங்க. நான்தான் ஒட்டினேன்."

நல்ல காரியம் செய்ததாக ஒரு நொடி நினைத்துக்கொண்டேன். வெர்லின் திரும்பிப் பார்த்த பார்வையில் அது போயிற்று.

"உனக்குத் தெரியுமா டெல்லாக்கா? எப்பலேருந்து?"

"அக்டோபர்லேருந்து."

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். நீலச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக எல்லாரும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தோம். "வேற யாருக்குத் தெரியும்?"

ஒவ்வொருவராகத் தட்டைப் பார்த்தார்கள். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெர்லின் கடைசியாக ஓரினைப் பார்த்தான்.

"நீயுமாண்ணே?"

"உன்னை எல்லாரும் மதிக்கிறாங்கடா. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார் ஓரின்.

"என்னை மதிக்கல. நீங்க செஞ்சுவச்ச வேற ஒருத்தனை மதிக்கிறாங்க."

கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான். நோரீன் அம்மாள் வேறு கதவு வழியாகப் போனார். கதவு சாத்தியதும் யாரோ ஒருத்தி, "கிறிஸ்துமஸும் அதுவுமா இப்படிப் பண்ணிட்டானே" என்றாள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மூன்று நாலு தலைகள் ஆமாம் என்று ஆடின. பத்து நிமிஷத்தில் இனிப்பு வந்தது. சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் பிரெண்ட் எல்லாருக்கும் கடிதம் அனுப்பினார். வெர்லினுக்கு மனநிலை சரியில்லை, அவனுக்காகப் பிரார்த்திப்போம் என்று. நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அழாதீங்க. அழுதா நான் உங்களைச் சமாதானப்படுத்தணும். எனக்குத் தெம்பில்ல" என்றான். கடிதத்தைப் படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "புத்தாண்டு அன்னைக்கு லீவுதானே? அந்தம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நோட்டீஸ் ஒட்டின கை சொல்லட்டும்."

புத்தாண்டு மத்தியானம் போனோம். எங்கள் பக்கத்து எல்லா வீட்டையும் போல அந்த வீட்டிலும் புளித்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் வேகிற வாசனை. நோரீன் அம்மாள் வலைக்கதவைத் திறக்காமல் அந்தப் பக்கமே நின்றார். நான் அக்டோபரிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உள்ளே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். ஒரு காகிதத்தோடு வந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து நீட்டினார். நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவர் எழுதிக் கேட்டதற்கு பிரெண்ட் போட்ட பதில். வெர்லினுக்கு இது பெரிய கௌரவம் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: "அந்த நாளைப் பற்றி மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். அவனால் தாங்க முடியாது."

வெர்லின் அதைப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"உங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கல" என்றார் அந்த அம்மாள். "அந்த ஆளை மட்டும் சொல்லல. உங்களையுந்தான். விழுறீங்க, எந்திரிக்கிறீங்க, கறி தின்னுறீங்க. என் பையன் எந்திரிக்கல. அதைப் போய் விளையாட்டா எடுத்து விளையாடுறீங்களே, பெரியவங்கதானே நீங்க?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வரலாறு, மறக்கக் கூடாது, அந்த மாதிரி. வெர்லின் என் கையைத் தொட்டு நிறுத்தினான்.

"அதுக்கு என்கிட்ட பதிலில்லம்மா" என்றான்.

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தக் குவாரி மேஸ்திரி என்ன ஆனான்?"

"ஓய்வு வாங்கிட்டான். ஏரிக்கரையில வீடு கட்டிட்டு மீன் பிடிக்கிறான்."

"அந்த வலை? திரும்ப மாட்டிட்டாங்களா?"

"தெரியலம்மா. நான் அந்தப் பக்கம் போகவே இல்ல."

"பதினஞ்சு வருஷமாவா?" என்றார். நாங்கள் படி இறங்கும்போது, "உங்க ஆளுங்க அடுத்து எப்பக் கூடுவாங்க? நானும் வரேன். அந்தாளு என் எதிர்ல சொல்லட்டும்" என்றார்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, அதே கூடம், கேப்டன் தேர்தல். நோரீன் அம்மாள் தேவாலயத்துக்குப் போகிற உடையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எழுந்து, பிரெண்ட் தனக்குப் போட்ட அந்தப் பதில் கடிதத்தை வாசித்தார். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார்.

பிரெண்ட் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "உங்க மனசு புண்பட்டிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார்.

"பட்டிருந்தாவா?"

"நல்ல எண்ணத்துல செஞ்சதும்மா."

"யாருக்கு நல்லது?"

பிரெண்ட் எங்கள் பக்கம் திரும்பி, கைதூக்கி ஓட்டுப் போடச் சொன்னார். பிரெண்டே இருக்கட்டும் என்று பதினாலு கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று ஒன்பது. பதினாலில் ஒன்று பல் டாக்டருடையது. ஒன்று ஓரினுடையது.

நோரீன் அம்மாள் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அந்தக் கைகளை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "டெரெக்கைப் பெட்டியில கொண்டுவந்தப்ப இந்த ஊர் வழியாத்தான் வண்டி வந்துச்சு. ரோட்டோரமா நின்னு கொடி பிடிச்சீங்க. நான் வண்டிக்குள்ள உக்காந்து அந்தக் கைங்களைப் பாத்து அழுதேன், எவ்வளவு நல்ல ஜனங்கன்னு. இதே கைதான் போல" என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போர்வையை என்ன செய்தார் என்று கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

ஒன்பது பேர் விலகினோம். பிரிந்து போய்ப் புதுக் கம்பெனி தொடங்குவோம் என்று இரண்டு பேர் துள்ளினார்கள். வெர்லின் யூனிஃபார்மைப் பெட்டியில் போட்டுக் கட்டினான். "எனக்கு வேற வேலை இருக்கு" என்றான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் குவாரிக்குப் போனான். வாசலில் விடவில்லை. திரும்பி வந்து ஒரு பலகையில் கறுப்புப் பெயிண்டால் எழுதினான்: "என் கால் இங்கே போனது. மார்ச் 11, 2003. உங்கள் பெல்ட்டில் வலை இருக்கிறதா?" அடுத்த வெள்ளி, ஷிஃப்ட் மாறுகிற மூன்று மணிக்கு, குவாரிக்கு எதிரே அரசாங்க ரோட்டில் நாற்காலி போட்டு அரைக்கால்சட்டையோடு உட்கார்ந்தான். செயற்கைக் கால் வெயிலில் மின்னியது. ஒவ்வொரு வெள்ளியும் போனான். நான் பாதி நாள் கூடப் போனேன். சிலர் வண்டியிலிருந்து கெட்ட வார்த்தை சொன்னார்கள். "வேலைக்கு உலை வைக்க வந்தியாடா நொண்டி" என்று ஒருவன் காலிப் புட்டியை எறிந்தான். வெர்லின் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தான். குறி தப்பவில்லை. அவனுக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோபத்துக்குப் போக ஒரு திசை கிடைத்தது, அவ்வளவுதான்.

எட்டாவது வெள்ளி ஒரு லாரி நின்றது. ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கி, ரோட்டைப் பார்த்தபடியே, "மூணாம் நம்பர் பெல்ட். ரெண்டு மாசமா இல்ல. நான் சொன்னதா சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வெர்லின் அன்றே சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தான். மறுநாள் கடிதம் போட்டான். திரும்பவும் போன் செய்தான். பதினோரு நாள் கழித்து ஆய்வாளர்கள் வந்தார்கள். மூன்றாம் நம்பரில் மட்டுமில்லை, ஐந்திலும் வலை இல்லை. ஆறு நாள் இரண்டு பெல்ட்டும் நின்றன. வலை மாட்டிய பிறகுதான் ஓடின. செய்தித்தாளில் நாலு வரி வந்தது, வெர்லின் பெயர் இல்லாமல்.

"பேரு வந்திருந்தா தப்பாத்தான் போட்டிருப்பாங்க" என்றான்.

நவம்பரில், நன்றித் திருநாளுக்கு முந்தின வெள்ளி, நல்ல காற்று. பலகை நிற்கவில்லை. ஓரினின் வண்டி வந்து ஓரமாக நின்றது. இறங்கி வந்து பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஜனவரிக்குப் பிறகு இருவரும் அன்றுதான் பார்த்துக்கொண்டார்கள்.

வெர்லின், "கை தூக்கினவர்தானே நீங்க" என்றான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"ஆமாடா."

"ஏன்?"

"முப்பது வருஷமா கட்டிக் காப்பாத்தின கம்பெனி. நான் எதிர்த்தா உடைஞ்சிரும்னு பயம்."

"நான் உடைஞ்சா பரவாயில்ல."

ஷிஃப்ட் முடிந்து கடைசி வண்டி போகிற வரைக்கும் ஓரின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது, "அடுத்த வெள்ளியும் வரேன்" என்றார். வெர்லின் நாற்காலியை மடித்தான்.

அந்த டிசம்பரில் வெர்லின் தன் வீட்டு வண்டிக் கொட்டகையைக் கழுவிவிட்டு, விலகிய மற்ற எட்டுப் பேரையும் சாப்பிடக் கூப்பிட்டான். யூனிஃபார்ம் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். நான் முந்தின நாளே போய் உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். ஓரின் மூன்று வெள்ளிகளாக விடாமல் வந்துகொண்டிருந்தார். அதனால் கேட்டேன்.

"ஓரினுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?"

வெர்லின் கத்தியைக் கழுவிக்கொண்டே யோசித்தான்.

"பலகையைப் பிடிக்கட்டும். சாப்பாடு அடுத்த வருஷம் பாப்போம்" என்றான்.